வரச் சொன்ன சனிக்கிழமை

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில், நாற்காலியில் சாய்ந்திருந்த செந்தூர்பாண்டி வாயைப் படக்கென்று மூடினார். பல் டாக்டர் பெனிஷாவின் கையிலிருந்த ஸ்கேனர் அவர் பல்லில் இடித்தது. திரையில் அதுவரை ஒவ்வொரு பல்லாக உருவாகிக்கொண்டிருந்த அவருடைய மேல்வரிசை பாதியில் அறுந்து நின்றது.

"அசையாதீங்க அண்ணாச்சி."

சொல்லிக்கொண்டே ஸ்கேனரை அவர் வாயிலிருந்து வெளியே எடுத்தாள்.

முன்னறையிலிருந்து கிளினிக் உதவியாளர் முத்துச்செல்வி அலறினாள். "அக்கா! இங்கன வாங்கக்கா, சீக்கிரம்!"

பெனிஷா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். கிளினிக்கின் வாசல் கதவில் கண்ணாடி இருந்த இடம் வெறும் சட்டமாக நின்றது. தரை முழுவதும் சில்லுகள். அவற்றின் நடுவில் ஒரு சங்கு கிடந்தது. பூச்சி அரித்து, விலைக்கு ஆகாதென்று கழித்துப் போட்ட சங்கு. கடல் ஈரம் இன்னும் காயவில்லை.

வெளியே நனைந்த கைலியோடு ஒருவன் நின்றான். கித்தேரியான். பத்து நாளுக்கு முன்னால், உடைந்த முன்பற்களோடு தன் மச்சான் பெனிஸ்டனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவன் இவன்தான்.

"பல்லு வச்ச டாக்டர் நீதானே?"

"பெனிஸ்டனுக்கு என்னாச்சு?"

"என்ன ஆகணும்? பத்துப் பாகத்துல, அறுபதடித் தண்ணியில சங்கு எடுத்துட்டு நிக்கும்போது நீ வச்ச பல்லு ஒடிஞ்சிருக்கு. கடிச்சிருந்த காத்து டியூப்பு வாயைவிட்டுப் போயிட்டு. மூச்சுக்குத் தவிச்சு ஒரே தம்முல மேல வந்து விழுந்தான். இப்ப இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியலங்கான். ஊசியால குத்தினாலும் தெரியல!"

மில்லர்புரத்துத் தெருவில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்" என்றாள் பெனிஷா.

"பொய் சொல்லாத! படகுல ஏறும்போது நானே கேட்டேன். 'டாக்டர் வீட்டுல கேட்டுட்டேன், போலாம்னு சொல்லிட்டாங்க'ன்னான். சொல்லிட்டு இப்ப இல்லங்கியா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெனிஷாவின் அப்பா டாக்டர் அற்புதமணி இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் கித்தேரியானின் குரல் ஒரு படி இறங்கியது.

"ஐயா, எங்க அப்பனுக்கு நீங்கதான் பல்செட்டு கட்டுனீங்க. அந்த மொகத்துக்காகத்தான் ஒண்ணோட நிறுத்துதேன். சாக்குல இன்னும் நெறைய சங்கு கெடக்கு."

அவன் போன பிறகு உள்ளேயிருந்து செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டு அப்படியே தொங்கியது.

"எனக்குப் பல்லு இன்னைக்கு உண்டா, இல்லன்னா நான் டூட்டிக்குப் போகட்டா டாக்டர்?"

துண்டைத் தானே அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, சில்லுகளைத் தாண்டித் தாண்டி நடந்து போனார்.

*

இரண்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெனிஷாவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் பல் டாக்டர், மஸ்கட்டில் வேலை. புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா பெனிஷாவின் கன்னத்தைத் தடவி, "எங்க பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெனிஷா கல்யாணத்துக்குச் சட்டென்று தலையாட்டியவள் இல்லை; முதலில் தொழிலில் நிற்க வேண்டும் என்றிருந்தாள். பி.டி.எஸ். முடித்து மேல்படிப்புக்கு இடம் கிடைக்காமல், சென்னையில் ஊரெங்கும் கிளை வைத்திருந்த ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். அங்கே மாதத்துக்கு இத்தனை இம்பிளான்ட் பல் பதிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்ன அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு, அப்பாவின் கிளினிக்குக்கே வந்தாள்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் வடிவமைத்துக்கொண்டிருந்த அண்ணன் பெவினும் வேலையை உதறிவிட்டு வந்தான். கிளினிக்குக்குப் பின்னால் லேப் வைத்தார்கள். பெனிஷா ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால், பெவின் கம்ப்யூட்டரில் பல்லை வரைவான். மெஷின் அதைக் கட்டியிலிருந்து கடைந்து கொடுக்கும். பிளாஸ்டர் மாவும் மெழுகுமாக வாழ்ந்த அற்புதமணிக்கு அந்த அறைக்குள் போகவே கூச்சம்.

இப்போது அந்த அறையில்தான் எல்லோரும் நின்றார்கள்.

"எதைக் கடைஞ்ச?" என்று பெனிஷா அண்ணனைக் கேட்டாள். "சரியா சொல்லு. பெனிஸ்டனுக்கு முதல்ல வச்சது எது?"

"நீ சொன்னதுதான். பிளாஸ்டிக். ஈறு ஆறுற வரைக்கும் தற்காலிகமா இருக்கட்டும்னு நீதானே சொன்ன?"

"மெலிசா கடைஞ்சிட்டியோ?"

பெவினின் முகம் சுருங்கியது. "என்னைச் சந்தேகப்படுதியா? டியூப்பைக் கடிச்சுத் தொங்குறதுக்கா அதை வச்சோம்? இட்லி திங்கத்தானே வச்சோம்?"

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். மூடியில் பெனிஸ்டனின் பெயர். உள்ளே பஞ்சின் மேல் மூன்று பற்கள் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளை வெளேரென்று கிடந்தன. நிரந்தரமாக வைக்கக் கடைந்த சிர்கோனியா பீங்கான். சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது.

"வெள்ளிக்கிழமையே ரெடி. சனிக்கிழமை அவன் வந்திருந்தா அரைமணி நேர வேலை."

"அவருதான் சனிக்கிழமை வரலியேக்கா" என்றாள் முத்துச்செல்வி கதவோரமிருந்து. "சாயந்திரம் நீங்க கேட்டப்பவே சொன்னேனே."

ஆமாம், கேட்டாள். பட்டுச்சேலையோடு படியில் நின்று கேட்டாள். வரவில்லை என்றதும், திங்கட்கிழமை போன் பண்ணிக்கொள்ளலாம் என்று மேலே போய்விட்டாள். மாப்பிள்ளையிடமிருந்து வந்த முதல் செய்திக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

ஒரு போன். அன்றைக்கே பண்ணியிருக்கலாம்.

அற்புதமணி அந்தப் பற்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா ஒண்ணு சொல்லுதேன். சங்கு குளிக்கப் போறவனுக்கு நான் அரைகுறையா பல்லு வச்சு அனுப்பினதே கெடையாது. வச்சா முழுசு, இல்லன்னா பொக்கை. பொக்கைன்னா டியூப்பைக் கடிக்க முடியாது, கரையில கெடப்பான். வாய்க்குள்ள ஏதோ ஒண்ணு இருக்குல்லா, அதான் அவனை எறக்கியிருக்கு."

"பொக்கையோட எத்தனை நாள் கரையில உட்கார வைப்பீங்கப்பா?"

"உயிரோட உட்காந்திருப்பாம்லா."



"இடுப்புக்குக் கீழ ஏன் உணர்வு போகணும்?" என்று பெவின் கேட்டான்.

"ஆழத்துல ரொம்ப நேரம் நின்னா காத்து ரத்தத்துல கரையும். மெதுவா மேல வந்தா தன்னால வெளிய போயிரும். அவசரமா வந்தா, சோடா பாட்டில் மூடியைத் தெறந்த மாதிரி குமிழ் குமிழா கெளம்பும். முதுகுத்தண்டுல போய் அடைச்சா..." அற்புதமணி முடிக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஜெபசுதா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். முத்துச்செல்வி பின்னால் ஓடி, "நான் பெருக்குதேன்ம்மா, குடுங்க" என்று கேட்டும் தரவில்லை. குனிந்தபடியே சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

*

அற்புதமணியின் தம்பி கிருபாகரன் வக்கீல். பழைய அம்பாசிடரில் வந்து இறங்கியவர், உடைந்த கதவைச் செல்போனில் முதலில் படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் உள்ளே வந்தார்.

"சனிக்கிழமை கேமரா பதிவு இருக்கால?"

பெவின் ஓட்டிக் காட்டினான். முன்னறையில் மாட்டிய கேமரா. காலையில் இரண்டு நோயாளிகள் வந்து போனார்கள். பிறகு முத்துச்செல்வி விளக்கை அணைத்துவிட்டு மாடிக்குப் போகிறாள். அதற்கப்புறம் காலி நாற்காலிகளும் மீன்தொட்டியும்தான். சாயங்காலம் வரைக்கும் கதவு திறக்கவே இல்லை; மாப்பிள்ளை வீட்டார் மாடிக்குப் போனது பக்கவாட்டு வாசல் வழியாக.

கிருபாகரன் தொடையில் தட்டினார்.

"போதும். வரச் சொன்ன நாள்ல அவன் வரல. வராதவன்கிட்ட எப்படி நீ போகலாம்னு சொல்லியிருக்க முடியும்? நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல கூப்பிடுவான். கூட நான் வாரேன். நீ வேற எதுவும் பேசப்படாது. 'வரச் சொன்னேன், வரல.' அவ்வளவுதான்."

"அவரு மச்சினன் வேற மாதிரி சொல்லுதாரே சித்தப்பா."

"சொல்லுவான். நஷ்டஈடு அடிக்கணும்னா அப்படித்தான் சொல்லணும். ஏளா, ஒன் பேரு டென்டல் கவுன்சில் பதிவுல இருந்து போயிட்டுன்னா இந்த மெஷினை வச்சு என்ன செய்வ, தேங்காய் துருவுவியா?"



"நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பாக்கணும்" என்றாள் பெனிஷா.

"போகாத." முன்னறையிலிருந்து வந்த ஜெபசுதாவின் குரல் அது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றாள். விரலில் கண்ணாடி கிழித்து இரத்தம் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. "நீ அங்க போகவே கூடாது. அடிச்சுப் போடுவானுவ. சாத்தான்குளத்துக்காரங்க காதுக்கு எட்டினா என்ன ஆகும்? ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன், போகாதளா."

"அவரு என் பேஷண்டும்மா."

"பேஷண்டு! சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே அனுப்பின? அதோட ஒன் பொறுப்பு முடிஞ்சுது."

பெனிஷா அம்மாவின் விரலைப் பிடித்துப் பஞ்சால் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு பெவினின் பைக் சாவியை எடுத்தாள்.

"நீயும் வா அண்ணா. வெளிய நின்னாப் போதும்."

*

ஆஸ்பத்திரி வாசலில் பெனிஸ்டனின் ஊரான தருவைகுளத்து ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பெவின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சுவரோரமாக வண்டியை நிறுத்தினான். பெனிஷா முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கவாட்டுப் படியில் ஏறினாள்.

டூட்டி டாக்டர் அவளைவிடச் சின்னப் பையன். "மேடம், ரத்தத்துல இருக்குற குமிழைக் கரைக்க அழுத்த அறை வேணும். கொச்சியில பேசியிருக்கோம். ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு."

"நடப்பாரா?"

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தா வாய்ப்பு இருக்கு. எவ்வளவுன்னு சொல்லத் தெரியல."

வார்டின் கோடியில், ஆக்சிஜன் முகமூடியோடு பெனிஸ்டன் மல்லாந்து கிடந்தான். கடலில் கறுத்த மார்பு, மேலும் கீழும் ஏறி இறங்கியது. இடுப்புக்குக் கீழே போர்வை ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.

கட்டில் பக்கத்தில் அவன் மனைவி ஜாய் உட்கார்ந்திருந்தாள். பெனிஷாவைப் பார்த்ததும் எழவில்லை. மடியிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

"இந்தாங்க, ஒங்க பல்லு."

இரண்டு துண்டுகள். இணைப்பில் சரியாக முறிந்திருந்தது.

"மீதி ஒண்ணு கடல்ல" என்றாள் ஜாய். "இட்லி தின்னலாம், முறுக்கு திங்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனீங்கள்லா? வீட்டுல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். எம்புருசனைக் கிழவனாக்கிட்டாங்க டாக்டரம்மான்னு எங்கம்மா கேலி பண்ணாங்க."

"டியூப்பைக் கடிக்கக் கூடாதுன்னும் சொன்னேன் ஜாய்."

"சொன்னீங்க. நான் இல்லங்கல. அதான் அவரும் கரையில கெடந்தாரு. வாடைக் காத்து அடங்கித் தண்ணி தெளிஞ்சு, எல்லாவனும் போயிட்டான், இவரு மட்டும் வலையைப் பிரிச்சுட்டுக் கெடந்தாரு. அப்புறம் ஏன் போலாம்னு சொன்னீங்க?"

"நான் சொல்லல. அவரு சனிக்கிழமை வரவே இல்ல."

ஜாய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அழுது காய்ந்த கண்கள்.

"சனிக்கிழமை நான் பெரியதாழையில எங்க அக்கா வீட்டுல இருந்தேன். அவரு போனாரா வரலியான்னு நான் பாக்கல. நீங்களும் பொய் சொல்லுவீங்கன்னு நெனைக்க முடியல. எம்புருசன் பொய் சொன்னதும் கெடையாது. மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

முகமூடிக்குள் ஏதோ முனகல் கேட்டது. பெனிஸ்டன் கண்ணைத் திறந்திருந்தான். பெனிஷா குனிந்தாள். அவன் கையால் முகமூடியை லேசாக நகர்த்தினான். மேல்வரிசையில் இரத்தம் கட்டிய இடைவெளி தெரிந்தது.

"டாக்டரம்மா..."

"பேச வேண்டாம் பெனிஸ்டன்."

"கல்யாணம்... கூடிட்டுதா?"

பெனிஷாவுக்கு முதலில் புரியவில்லை.

"எந்தக் கல்யாணம்?"

"ஒங்க கல்யாணந்தான். வெள்ளைக் கார்ல வந்தாரே, நெட்டையா, கண்ணாடி போட்டு... அவருதானே மாப்பிள்ளை? இறங்கும்போது காலு இடறி விழப் பாத்தாரு." உடைந்த பற்களுக்கிடையே காற்று சீறியது. அவன் சிரிக்க முயன்றான். "நல்ல மனுசன் மாதிரி இருந்தாரு."

பெனிஷாவின் விரல்கள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தன.

மாப்பிள்ளை கேட்டருகே கால் இடறியதை அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து அவளே பார்த்தாள். வெளியாள் ஒருவன் தெருவில் நின்றிருந்தால் மட்டுமே அதைப் பார்த்திருக்க முடியும்.

இவன் வந்திருக்கிறான்.

"நீங்க வந்தீங்களா பெனிஸ்டன்? சனிக்கிழமை வந்தீங்களா?"

"வரச் சொன்னீங்கள்லா."

"அப்போ கடலுக்குப் போகலாம்னு ஒங்ககிட்ட சொன்னது யாரு? எங்க வீட்டுல யாரு?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"நல்ல காரியம் நடக்குற வீடு. அதெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? கேட்டது நான்தானே."

"சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

பெனிஸ்டன் முகமூடியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். அதற்குள் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். கித்தேரியான் முன்னால் வந்தான். பெனிஷாவைக் கண்டதும் அவன் தாடை இறுகியது. ஜாய் குறுக்கே கையை நீட்டினாள்.

"விடுண்ணா. இப்ப தூக்குறதப் பாரு."

நான்கு பேர் தூக்கினார்கள். அவன் கால்கள் இரண்டும் ஈரத்துணி போல ஒரு பக்கமாகத் துவண்டன. கித்தேரியான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல ஸ்ட்ரெச்சரில் நேராக வைத்தான்.

*

வீட்டு வாசலில் ஆசாரி பலகை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் மீன்தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது.

"அவரு வந்திருக்காரு" என்றாள் பெனிஷா, உள்ளே நுழைந்ததும்.

கிருபாகரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "கேமராவுல இல்லியே."

"கேமரா உள்ளதானே இருக்கு சித்தப்பா. அவரு கேட்டைத் தாண்டவே இல்ல. மாப்பிள்ளை கார்ல இருந்து இறங்கினதை, கால் இடறினதை, எல்லாத்தையும் பாத்திருக்காரு. அங்கன வச்சுத்தான் யாரோ கடலுக்குப் போகலாம்னு சொல்லியிருக்காங்க."

அற்புதமணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரு?"

"சொல்ல மாட்டேங்காரு. கல்யாண வீடாம்."



அற்புதமணியின் பார்வை முத்துச்செல்வியிடம் போய் நின்றது. "கிளினிக்கு வாசலைப் பாத்துக்கிடுறது ஒன் வேலைதானே? அன்னைக்கு எங்க போயிருந்த?"

"நான் மேல நின்னேன் டாக்டர்." முத்துச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. "வந்தவங்களுக்குக் கேக் தட்டு எடுத்து வைக்கச் சொன்னாங்க. மேல போனப்புறம் நான் கீழ எறங்கவே இல்ல."

"ஒனக்குத் தெரியாம யாரு அவன்கிட்டப் பேசியிருப்பா? கிளினிக்குல நீயும் பெனிஷாவும்தானே?"

"சத்தியமா நான் பேசல டாக்டர். அவரை நான் பாக்கவே இல்ல."

கிருபாகரன் எழுந்து நடந்தார். இரண்டு முறை போய் வந்தார். அவர் நடக்கிறார் என்றால் ஏதோ வழி கண்டுவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, இதுவும் ஒரு வகையில நல்லதுதான். டாக்டர் சொல்லல. டாக்டருக்குத் தெரியவே தெரியாது. சம்பளத்துக்கு நிக்கிற பிள்ளை வெவரம் தெரியாம எதையோ சொல்லிட்டு. வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு சொல்லிருவோம். பெனிஷா பேரும் கெடாது, கிளினிக்கும் நிக்கும்."

"ஐயோ சார்!" முத்துச்செல்வியின் குரல் உடைந்தது. "அந்தப் பேரோட நான் எங்க போவேன்? டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்புக்கு டாக்டர்தானே சிபாரிசு எழுதித் தாரேன்னு சொன்னாங்க? இனிமே என்னை எந்தக் கிளினிக்குல சேத்துக்கிடுவாங்க?"

"நாங்க ஒனக்கு வேற எடம் பாத்துத் தருவோம்ளா. அழாத" என்றார் கிருபாகரன்.

"முத்து செய்யலன்னு சொல்லுதா" என்றாள் பெனிஷா. "செய்யாததை எப்படி அவ தலையில கட்டுவீங்க? நாளைக்கு ஸ்டேஷன்ல நான் உள்ளதைச் சொல்லப் போறேன். அவரு வந்தாரு. எங்க வீட்டு வாசல்ல திருப்பி அனுப்பிட்டோம். அப்படித்தான் சொல்லுவேன்."

"சொல்லு! சொல்லிட்டு அந்த போர்டையும் நீயே கழட்டு!" கிருபாகரன் கத்தினார். "மஸ்கட்டுல இருக்கவன் ஒன்னைக் கட்டுவானா? சாத்தான்குளத்துக்காரன் நாளைக்கே போன் போட்டு வேண்டாங்கப் போறான்! ஏல பெவின், நீயாவது ஒன் தங்கச்சிக்குச் சொல்லுல!"

பெவின் பெட்டியிலிருந்த அந்தச் சிர்கோனியா பற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"முத்து," என்றார் அற்புதமணி. குரலில் களைப்பு. "ஒன் பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வர வேண்டாம். நான் கூப்பிடுதேன்."

முத்துச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசைக்கடியில் குனிந்து சாப்பாட்டுப் பையை எடுத்தாள். கழுத்திலிருந்த கிளினிக் அட்டையைக் கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே வாசலை நோக்கி நடந்தவள், ஆசாரி பலகையை நகர்த்தி வழிவிடக் காத்து நின்றாள்.

"முத்து, நில்லு."

படிக்கட்டின் கடைசிப் படியில் ஜெபசுதா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாளென்று யாருக்கும் தெரியாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"நீ மேல போம்மா" என்றார் அற்புதமணி. "ஒனக்கு பிரஷர் இருக்கு."

அவள் போகவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல், கொழுந்தனையும் பார்க்காமல், கணவனிடம் மட்டும் சொன்னாள்.

"அந்தப் பிள்ளை பேரை எடுக்காதிய. மாப்பிள்ளை கார் தெருவுல திரும்புது, இவன் கைலியோட கேட்டுக்கு முன்னால நின்னு பல்லு வைக்கணும், இல்லன்னா திங்கக்கெழம சங்கு குளிக்கப் போலாமான்னாவது கேட்டுச் சொல்லுங்கங்கான். எப்படியாவது போய்த் தொலையட்டும்னு, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், தாராளமா போன்னு சொன்னது நான்தான்."